“அம்மாவுக்கு அப்புறம்?” என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினேன்

என் கணவரின் அக்காவுக்கு டவுன் சிண்ட்ரோம். நான் வாழ வந்த வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பிறந்த வீடு பொள்ளாச்சி. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாநிலம் மாறும், பேச்சு மாறாது. பாலக்காடு மாவட்டம் என்றாலும் சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கமெல்லாம் தமிழ்தான். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், உள்ளே இருப்பவர் “என்னங் வேணும்?” என்பார்.

இந்த மாதிரி வீட்டிலிருந்து வரன் வந்தால் சொந்தக்காரப் பெண்கள் இப்போது எனக்குப் போன் செய்கிறார்கள். “நீங்க போய் இருக்கீங்களே, நல்லா இருக்கீங்களா?” என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அக்காவின் பெயரைப் போடவில்லை. ஊரே அவரைப் பாப்பா என்கிறது. எனக்கு அவர் நாத்தனார், வயதில் மூத்தவர், அதனால் வாங்க போங்கதான்.

தரகர் சொன்னது, “வீட்ல ஒரு புள்ளைக்குக் கொஞ்சம் சொகமில்ல, மத்தபடி தங்கமான குடும்பம்” என்று. அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோது அக்காவை அழைத்து வரவில்லை. தனியாகப் பேசச் சொல்லி விட்ட பத்து நிமிடத்தில் மாப்பிள்ளையே ஆரம்பித்தார்: “எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் எங்ககூடத்தான் இருப்பாங்க. அதுல மாத்தம் இல்லீங்க.” மறைக்கவில்லை, பரிதாபமும் தேடவில்லை. எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆனால் பிடித்துப்போவது வேறு, கேட்க வேண்டியதைக் கேட்பது வேறு. போனில் கேட்டேன், “அக்காவை யார் குளிக்க வைக்கிறது?” “அம்மா.” “அம்மாவுக்கு அப்புறம்?” அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். “நான் யோசிச்சேன். சோறு, மருந்து, ஆஸ்பத்திரி, ராத்திரி கூட இருக்கிறது எல்லாம் நான் பாத்துக்குவேன். குளிக்க வைக்க நான் சரிப்பட மாட்டேன், அது அக்காவுக்கும் நல்லா இருக்காது. அதுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம். நீங்க செஞ்சா சந்தோஷம், செய்யலைன்னாலும் கேக்க மாட்டேன்.” இப்படி எது முடியும், எது முடியாது என்று பிரித்துச் சொல்லும் பதில் வேண்டும். “கடவுள் பாத்துக்குவாரு”, “நீ வந்தா எல்லாம் சரியாயிடும்” என்ற பதில் வந்தால், அந்த வேலை எல்லாம் சத்தமில்லாமல் மருமகள் தலையில் இறங்கப்போகிறது என்று அர்த்தம். நம் வீடுகளில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்றாவது மாதம் சோப்பும் துண்டும் கைக்கு வந்துவிடும்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. ராத்திரி தனியாகத் தூங்குவாரா? வலிப்பு வருமா? கோபம் வந்தால் அடிப்பாரா, தன்னையே அடித்துக்கொள்வாரா? வெளியே அழைத்துப் போகிறார்களா, விருந்தாளி வந்தால் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதில் வாயில் வராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் பெரியவர்களோடு நானும் தொற்றிக்கொண்டேன். “பொண்ணே வர்றதா?” என்று என் பெரியம்மாவுக்குப் பெரிய மனக்குறை. போய்க் காபி குடித்துவிட்டு எழுந்துவிடாமல் மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தோம். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் சீப்பை எடுத்து வந்து என்னிடம் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டார். சாப்பிடும்போது ரசம் சாதத்தை அவரேதான் பிசைந்து சாப்பிட்டார். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார் ஆகப்போகிறவர், இரண்டு வாய்க்கு ஒரு தடவை முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டபடி இருந்தார். அக்காவுக்கே துடைக்கத் தெரியும் என்பது எனக்கு அப்போதே பட்டது.

இனி, எல்லோரும் முதலில் கேட்டு நான் இத்தனை நேரம் தள்ளிப்போட்ட விஷயம்: “நாளைக்கு உன் குழந்தைக்கும் வந்துட்டா?”

இதற்கு ஜோசியரிடமும் போகக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரரிடமும் போகக் கூடாது. மரபணு ஆலோசனை என்றே தனியாக ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது, கோவையில் கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம்களைப் படமாகப் பார்ப்பார்கள். கேரியோடைப் என்று பெயர். நம் எல்லோருக்கும் 46 குரோமோசோம், டவுன் சிண்ட்ரோமில் 21ஆவது மூன்றாக இருப்பதால் 47. நூற்றுக்கு 95 பேருக்கு இப்படி ஒரு முழுக் குரோமோசோம் கூடுதலாக வந்ததுதான் காரணம். அது கரு உண்டாகும் சமயத்தில் தற்செயலாக நடப்பது, அண்ணன் தம்பியின் பிள்ளைகளுக்குத் தொடரும் சங்கதி இல்லை. மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் துண்டு இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதில் சிலருக்கு அது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்ததாக இருக்கலாம். அப்படியென்றால் கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு முதல் வகை. கல்யாணத்துக்கு முன்னாலேயே என் கணவர் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டிவிட்டார். நான் கேட்கக்கூட இல்லை.

அந்த ஆலோசனை அறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தைக்கு அக்கா பிறந்தபோது வயது 22. “கிரகணத்தன்னிக்கு வாசல்ல நின்னியாம்ல” என்று அவர் மாமியார் சொன்னது முப்பது வருடமாக மனதில் கிடந்திருக்கிறது. தாயின் வயது கூடக் கூட இந்த வாய்ப்பு கூடும் என்பது உண்மை. 35 வயதில் ஏறக்குறைய 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. ஆனாலும் இளம் தாய்மார்களே அதிகம் பிள்ளை பெறுவதால், மொத்தத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவர்களுக்கே பிறக்கிறார்கள். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, “நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்ல” என்றாராம். அத்தை வெளியே வந்து மகனிடம், “அந்தக் கெழவி சாகறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருக்கலாம்” என்றாராம். இதை என் கணவர் சொல்லும்போது இருவரும் சிரித்தோம்.

டவுன் சிண்ட்ரோமுக்குச் சொன்ன கணக்கு மற்றவற்றுக்குப் பொருந்தாது. மூளை முடக்குவாதம் பெரும்பாலும் குறைமாதம், பிரசவச் சிக்கல், கடும் மஞ்சள் காமாலை போன்றவற்றால் வருவது. டூஷேன் தசைச் சிதைவு நோய் இருக்கும் பையனின் அக்கா தங்கைகளுக்கு அந்த மரபணு ஒளிந்திருக்கலாம், அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறவிக் காதுகேளாமை இருக்கும் வீடுகளில் “நம்ம கஷ்டம் சொந்தத்துக்குத்தான் புரியும், மாமன் வீட்டிலேயே எடுத்துக்கலாம்” என்பார்கள். இருவரிடமும் ஒரே மரபணு ஒளிந்திருந்தால்தான் வெளிப்படும் வகைகளுக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. சொந்தம் நெருங்க நெருங்க ஒரே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பும் கூடும். எங்கள் பக்கம் சொந்தத்தில் எடுப்பது இன்னும் நடக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கல்யாணம் என்றதும் அடுத்த பிரச்சினை, அக்காவை என்ன செய்வது. மண்டபத்தில் சத்தம், கூட்டம், அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் விட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருவரை ஏற்பாடும் செய்துவிட்டார்கள். சொந்த நாத்தனார் உயிரோடு இருக்கும்போது அது எப்படி என்று என் அப்பாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். பெண் வீட்டுக்காரர் கேட்டால் மறுப்பது கஷ்டம், அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன். “அதுக்கு முடிச்செல்லாம் போட வராதுங்களே” என்றார்கள். மாப்பிள்ளையே மஞ்சள் கயிற்றை வாங்கி வந்து குடத்துக் கழுத்தில் கட்டித் தினமும் சாயங்காலம் பழக்கினார். முதல் மடிப்பு வந்துவிடும், நுனியை உள்ளே விட்டு இழுக்கும்போது விரல் நழுவும். அக்காவின் விரல்கள் குட்டையானவை, பிடி தளர்ந்தது. கயிற்றின் நுனியில் மெழுகு தடவி விறைப்பாக்கியதும் வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று கெட்டிமேளத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார், பொத்திய கையை எடுத்து முடிச்சுப் போட்டார், திரும்பவும் பொத்திக்கொண்டார். கல்யாண வீடியோவில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த இடம்தான்.

வந்த பிறகு எனக்குப் புதிராக இருந்தது ராத்திரி. அதுவரை என் கணவர்தான் தினமும் அக்கா தூங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கல்யாணமானதும் அவர் வேறு அறை, கதவு சாத்தியாகிவிட்டது. அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னாலும் புரியாது என்ற நினைப்பு. அக்கா வந்து கதவைத் தட்டினார். அழவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். புது மருமகள் இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? சங்கடம்தான். ஆனால் அக்கா பக்கம் யோசித்துப் பார்த்தால் நியாயம் அவரிடம்தான் இருந்தது. அவருடைய தம்பியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். ஒன்பது மணிக்கு அவர் அக்கா அறைக்குப் போவார், சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஆறுக்கு வரும் வரை அங்கேதான் இருப்பார், அந்த நேரத்தில் எனக்கு உயிர் போகிற வேலை என்றாலும் கூப்பிட மாட்டேன். அப்புறம் “நாளைக்கு” என்று சொல்லிவிட்டு வருவார். சில வாரங்களில் தட்டுவது நின்றது. புதிதாக வருகிறவர்கள் தங்கள் நேரத்துக்காகச் சண்டை போடுவதற்கு முன் அவர்களுடைய நேரத்தைப் பத்திரப்படுத்திக் கொடுத்தால் பாதிச் சண்டை வராது.

அத்தையோடுதான் நீண்ட நாள் உரசல் இருந்தது. அன்புக்குக் குறைவில்லை, அன்பு கூடிப்போனதுதான் சிக்கல். பல் தேய்த்துவிடுவது, ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவது எல்லாம் அவரே செய்துவிடுவார். நான் சின்ன வெங்காயம் உரிக்க அக்காவைக் கூட உட்காரவைத்தேன். மெதுவாகத்தான் உரிப்பார், ஆனால் ஒரு தோல் தங்காது. பக்கத்தில் யாரோ, “வந்ததும் வராததுமா அந்தக் குட்டியை வேலை வாங்கறா” என்று சொல்லிவிட்டார்கள். அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வெங்காயக் கூடையை மட்டும் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். நானும் பேசவில்லை. அக்காதான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குமேல் அத்தை என்ன சொல்வார்?

அடுத்தது பெண்கள் மட்டும் தணிந்த குரலில் பேசுவது. நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். மாதவிலக்கு நாட்களில் அக்காவைச் சமாளிப்பது கஷ்டம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்று ஒரு பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். “நாளைக்கு ஏதாச்சும் ஆனாலும் பயமில்ல பாரு” என்று ஒரு காரணம் வேறு. அந்த ‘ஏதாச்சும்’ என்பது யாராவது கெடுத்துவிட்டால் என்பது. கர்ப்பப்பையை எடுத்தால் கெடுப்பது நிற்குமா? அடையாளம்தான் தெரியாமல் போகும், தப்பு செய்தவனுக்குத்தான் வசதி. 1994இல் மகாராஷ்டிரத்தில் அரசுக் காப்பகம் ஒன்றிலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புனேயில் இப்படிச் செய்தது நாடு முழுக்க எதிர்ப்பைக் கிளப்பியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 10ஆவது பிரிவில், அவர்களுடைய சம்மதம் இல்லாமல் பிள்ளைப்பேறு இல்லாமல் ஆக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்று சொல்கிறது. கட்டி, அதிக ரத்தப்போக்கு என்று மருத்துவக் காரணம் இருந்தால் அது வேறு.

பழக்குவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. அக்காவுக்குச் சானிட்டரி பேடை எந்தப் பக்கம் வைப்பது, எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். உள்ளாடையில் பேட் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் ஓட்டுத்தையல் போட்டேன். அந்தக் கோட்டுக்குள் ஒட்டினால் சரி. மாற்றும் நேரத்துக்கு, காபி, மத்தியானச் சோறு, சாயங்காலக் காபி, படுக்கை என்று சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டோம். நாள்காட்டியில் பொட்டு ஒட்டுவது அக்காவின் வேலை. அதில் இரண்டு மாதம் பொட்டு தள்ளிப்போனதைப் பார்த்துத்தான் எங்களுக்கு வேறொன்று தெரிந்தது. பகலெல்லாம் தூக்கம், எடை கூடல், கூப்பிட்டால் திரும்ப நேரம் ஆனது. “சோம்பேறித்தனம், எல்லாம் இவ குடுக்கற எடம்” என்றார்கள். ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தைராய்டு சுரப்பு குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வரும், அதனால் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு அடைப்பது, கண்புரை, காது மந்தம், நாற்பதைத் தாண்டும்போது மறதி நோய் என்று இவர்களுக்குச் சீக்கிரமே வரக்கூடியவை இன்னும் உண்டு. நடத்தையில் திடீரென்று மாற்றம் வந்தால் பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லையில் இருப்பதால் எங்களுக்கென்று சில தனித் தலைவலி. டாக்டர் கோவையில், ரேஷன் கார்டு கேரளத்தில், தென்னந்தோப்பில் ஒரு பாதி தமிழ்நாட்டில். 2020இல் எல்லையில் இ-பாஸ் கேட்டபோது தைராய்டு மாத்திரைச் சீட்டு கோவை டாக்டருடையது, போக வழியில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கமும் ஒரு டாக்டரிடம் கோப்பு இருக்கிறது. ஊனச் சான்றிதழையும் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் குடியிருக்கும் மாநிலத்தில் எடுத்துவிட வேண்டும். அட்டை நாடு முழுக்கச் செல்லும், உதவித்தொகை மட்டும் அந்தந்த மாநிலத்தவருக்கே. தமிழ்நாட்டில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய் வந்தபோது, கேரள ஓய்வூதியம் 1,600ஆக இருந்தது. “கார்டைப் பொள்ளாச்சிக்கு மாத்திடுங்க” என்று என் தம்பி யோசனை சொன்னான். 2025 நவம்பரில் கேரளமும் 2,000 ஆக்கிவிட்டது. மாமாவின், அதாவது என் மாமனாரின், ஓய்வூதியம் வருமான வரம்பைத் தாண்டுவதால் எங்களுக்கு அது கிடையாது என்பது வேறு கதை. தொகையை மட்டும் பார்த்து ஊர் மாற்றக் கூடாது என்பது என் எண்ணம். இங்கே 18 வயது தாண்டியவர்களுக்குப் பஞ்சாயத்து நடத்தும் பட்ஸ் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அக்கா பகலில் அங்கே போய்க் காகிதக் கவர் ஒட்டுகிறார். படுக்கையில் விழுந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்சுகளும் பஞ்சாயத்திலேயே உண்டு. முழு நேரமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய்த் திட்டமும் இருக்கிறது, வரும்போது வரும். விண்ணப்பங்கள் மலையாளத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

பணத்துக்கு வருகிறேன். ‘அம்மாவுக்கு அப்புறம்’ என்பதற்குப் பாசம் மட்டும் பதில் ஆகாது. 1983 வாக்கில் அமெரிக்காவில்கூட டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25தான். இன்று வளர்ந்த நாடுகளில் 60. அதாவது பெற்றோருக்குப் பின்னும் இவர்கள் பல வருடம் இருப்பார்கள்.

மாமா ரயில்வேயில் கேட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மத்திய அரசு ஊழியரின் பிள்ளை ஊனத்தால் சம்பாதிக்க முடியாதவர் என்றால், பெற்றோருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க அவருக்கு வரும். இது மாமாவுக்கே தெரியாது. அவர் ஓய்வூதியப் புத்தகத்தில் அத்தை பெயர் மட்டும் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே பெயரைச் சேர்த்துவிட்டால் கையெழுத்தோடு வேலை முடியும், பிறகென்றால் சான்றிதழ் மேல் சான்றிதழ். மாநில அரசு வேலையிலிருந்தவர்கள் வீட்டிலும் இதை விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது பாதுகாவலர். 18 வயதைத் தாண்டிவிட்டால் பெற்றோரே ஆனாலும் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. வங்கியில் கணக்கு தொடங்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் குழு இருக்கிறது. அங்கே விண்ணப்பித்தால் நீதிமன்றம் போகாமலே பாதுகாவலரை நியமிப்பார்கள். நியமனம் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், வருடா வருடம் கணக்கும் கொடுக்க வேண்டும். அந்த அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவும் கிடைக்கும்.

தோப்பு விஷயத்தில் பெரியவர்கள் சொன்னது, “எல்லாத்தையும் பையன் பேர்ல எழுதிடுங்க, அவன் பாத்துக்குவான்.” நான் வேண்டாம் என்றேன். எனக்கு லாபம் வரும் யோசனையை நானே தடுப்பதாக எல்லோரும் விநோதமாகப் பார்த்தார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 28ஆவது பிரிவு, நோயோ ஊனமோ காரணம் காட்டி யாருக்கும் பங்கு மறுக்க முடியாது என்கிறது. அக்காவின் பங்கு அக்கா பெயரில் இருந்தால்தான் நாளைக்கு நான் சம்பள ஆள் வைத்தாலும் அது அவர் காசு, எங்கள் தயவு இல்லை. எங்களுக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் பங்குக்காகவாவது அவரைத் தேடி யாராவது வருவார்கள் என்று வையுங்களேன், கொஞ்சம் கசப்பான கணக்குதான். வக்கீலைப் பார்த்து, அக்காவின் ஆயுள் வரை வருமானம் அவருக்கே போகும்படி ஒரு தனி அறக்கட்டளையாக எழுதச் சொல்லியிருக்கிறோம்.

சின்னச் சின்ன மிச்சங்களும் உண்டு. என் கணவர் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறார். பழைய வரிமுறையில் இருப்பவர்கள், தங்களை நம்பியிருக்கும் ஊனமுற்ற உடன்பிறப்புக்காக 75,000 ரூபாயும், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக் காட்டலாம். ரயிலில் துணையோடு போகும் மனவளர்ச்சி குன்றியவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதச் சலுகை.

கஷ்டங்களில் நான் எதிர்பார்க்காதது பாராட்டுதான். “நீ புண்ணியவதி”, “உனக்குப் பெரிய மனசு.” கோவிலில் ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு தடவை கேட்க நன்றாக இருக்கும். அப்புறம் அதுவே விலங்கு. புண்ணியவதிக்கு அலுப்பு வரக் கூடாது, அம்மா வீட்டுக்குப் போனால் பத்து நாள் தங்கக் கூடாது. நான் தங்குகிறேன். மே மாதம் குழந்தையோடு பொள்ளாச்சிக்குப் போய்விடுவேன், அவர் லீவு போட்டு இருப்பார், குளிக்க வைக்க ஒரு அம்மா வந்து போகிறார், அவருக்குச் சம்பளம். “அக்காவை விட்டுட்டா வந்திருக்க?” என்று அங்கே கேட்பவர்களிடம், “அவங்க தம்பிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்” என்பேன்.

அந்த அம்மா முதல் தடவை வந்தபோதுதான் அக்காவைப் பற்றிய எல்லாமே அத்தையின் தலைக்குள் மட்டும் இருப்பது தெரிந்தது. எந்த மாத்திரை வெறும் வயிற்றில், மிக்சி சத்தத்துக்குப் பயம், ஊசி போடும்போது எந்தப் பாட்டு பாட வேண்டும், “ம்ச்” என்றால் தண்ணீர், இரண்டு தடவை “ம்ச்” என்றால் வயிற்று வலி. ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தோம். அத்தை சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். பட்ஸ் மையத்து டீச்சர் அதையே மலையாளத்தில் எழுதித் தந்தார், அவர்கள் அனுப்பும் குறிப்பை வாசித்து வாசித்து எனக்கும் மலையாளம் கொஞ்சம் வாசிக்க வந்துவிட்டது. வங்கி, ஓய்வூதியம், தோப்பு ஆவணங்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் என் கணவர் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.